சேஃப்டிக்குக் கொஞ்சம்

தென்னூர், திருச்சி
6-2-1984

செல்வி சூ. அமலராணி, பி.இ. அவர்களுக்கு,

அம்மையீர்,

தைரியராஜ் ரெஃப்ரிஜிரேஷன் உரிமையாளர் எழுதிக்கொள்வது. இது தொழில் சம்பந்தமான கடிதம். வேறு எதுவும் இதில் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற வழியில் ஒரு டிரஸ்ட் புதிதாகக் கண் ஆஸ்பத்திரி கட்டுகிறது. அதன் ஆபரேஷன் அறைக்கு ஏ.சி. போடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பெரிய டாக்டர் பேட்ரிசியா அம்மாள் லண்டனில் படித்தவர். “ரூமோட நீள அகலத்தைப் பாத்து இத்தனை டன்னு வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேணாம் மிஸ்டர் தைரியராஜ். வருஷம் முழுக்க அங்க எவ்வளவு சூடு சேரும்னு கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுங்க” என்கிறார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் ரயில் பெட்டிக்கு ஏ.சி. பார்த்தவன் நான். அது அவரிடம் எடுபடவில்லை. பம்பாயில் தாங்கள் பார்க்கும் உத்தியோகமே இந்தக் கணக்குப் போடுவதுதான் என்று கேள்வி. போட்டுத் தர முடியுமா முடியாதா என்று தெரிவிக்கவும்.

எழுதச் சொன்னது உன் அண்ணி. பாக்கியத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. சர்க்கரை வியாதியால் நாற்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டதாம். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிறாள். நவம்பரில் அந்த அறை திறந்ததும் அங்கேயே ஆபரேஷன் செய்வதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சூ. தைரியராஜ்

---

செம்பூர், பம்பாய்
14-2-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வருடத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் வார்த்தை ‘அம்மையீர்’. சந்தோஷம்.

பாலக்கரை டாக்கீஸ் முதலாளி முன்னால் நான் வாயைத் திறந்தது தப்புத்தான். நாற்பது டன் இயந்திரம் போதும் என்ற இடத்தில் நீங்கள் அறுபது எழுதியிருந்தீர்கள். உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். படிப்பு முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் உங்கள் கையைவிட்டுப் போனது. ஆனால் அதற்காக நடுத்தெருவில் நின்று, “நீ என் தங்கச்சியே இல்ல, இந்த வாசப்படி மிதிக்காத” என்றீர்களே, அதையும் நாலு பேர் முன்னால்தான் சொன்னீர்கள். அன்றைக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் வரை வந்தது அண்ணி மட்டும்தான். எட்டு வயதில் அம்மா போனதிலிருந்து எனக்குத் தலைவாரிவிட்ட கை அது. அந்தக் கைக்காகக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.

எனக்கு வேண்டியதைக் கேளுங்கள். எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, என்ன கனம், மேலே ஓடா தளமா, ஜன்னல் எத்தனை, விளக்கு எத்தனை, ஆபரேஷன் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, உள்ளே எத்தனை பேர். எல்லாவற்றையும் அட்டையில் துளைபோட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்போம். அது அந்த அறையை ஒரு வருடம் வாழ வைத்துப் பார்க்கும். மணிக்கு மணி கணக்கு, மொத்தம் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி. உங்கள் முறையில் வெயில், கூரைச் சூடு, ஆட்கள், விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்து நிற்கும். நிஜத்தில் அப்படி வருவதில்லை. மேற்குச் சுவரில் மூன்று மணிக்கு அடித்த வெயில் உள்ளே வந்து சேர இரவாகிவிடும்.

அதற்குத் திருச்சியின் ஒரு வருட வெயிலும் ஈரமும் வேண்டும். ஏரோடிரோமில் உள்ள வானிலை ஆபீசில் மூன்று மணிக்கொரு தரம் பதிவு செய்து வைத்திருப்பார்கள். நகல் எடுத்து அனுப்புங்கள். அண்ணிக்கு என் முத்தம். இதையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

அமலராணி

---

சேசு மரி சூசை துணை

தென்னூர்
25-3-1984

ராணிக்கு,

மூன்று மணிக்கொரு தரம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். ஒரு வருஷத்துக்கு மூவாயிரம் வரி வருகிறது. ரிஜிஸ்டரை வெளியே தரமாட்டோம் என்று விட்டார்கள். ஐந்து சனிக்கிழமை நானும் என் மெக்கானிக் நல்லதம்பியும் சோற்று டப்பாவோடு போய் அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். அவன் படிக்க நான் எழுத, நான் படிக்க அவன் எழுத. கடைசி வாரம் பூசையில் சாமியார் வாசகம் படிக்கும்போது எனக்கு “முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு” என்றுதான் கேட்டது. நோட்டுகள் தனிப் பார்சலில் வருகின்றன. அறையின் அளவுகள் இத்துடன் இருக்கின்றன. ஆபரேஷன் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. உள்ளே ஐந்து பேர்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் வாய்ச் சொல்லைக் கேட்டு நாற்பது டன் போட்டானே அந்த டாக்கீஸ்காரன், போன தீபாவளி ரிலீஸ் அன்று என்ன ஆயிற்று தெரியுமா? நீ சீட்டுக்கு ஒரு ஆள் என்று எண்ணினாய். மடியில் உட்காரும் பிள்ளைகளை எண்ணவில்லை. நடைபாதையில் பலகை போட்டு உட்கார வைத்த ஜனத்தை எண்ணவில்லை. இடைவேளைக்குள் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். கதவையெல்லாம் திறந்து வைத்துத்தான் படத்தை முடித்தார்கள். ‘தைரியராஜ் தங்கச்சி கணக்கு’ என்று மார்க்கெட் வரை பேச்சு. நான் சிரித்தேனா என்று கேட்டால், சிரித்தேன்.

இந்த அறையில் படுக்கப்போவது உன் அண்ணி. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு துளை போடு.

நான் கடிதம் படித்துக் காட்டும்போது, “ஒரு வரிய முழுங்கிட்டீங்க, திரும்பப் படிங்க” என்கிறாள். எப்படித் தெரிகிறதோ.

தைரியராஜ்

---

செம்பூர்
24-4-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். டாக்கீஸ் விஷயம் எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மூன்று பேரும் பிழைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மயக்கம் என்றுதான் எழுதியிருந்தீர்கள், தெளிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர் தாள்கள் ரிஜிஸ்டர் பார்சலில் வருகின்றன. அறைக்கு வேண்டியது பத்து டன்.

முதல் பக்கத்தில் மே மாதத்து உச்சம் இருக்கிறது. தயவுசெய்து அதோடு மூடி வைத்துவிடாதீர்கள். நவம்பர் பக்கத்தையும் பாருங்கள். மழை நாளில் அந்த அறைக்கு மூன்று, நாலு டன் குளிர்ச்சியே போதும். ஆனால் காற்றில் ஈரம் அப்போதுதான் அதிகம், அதுவும் ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. ஏ.சி. நின்று நிதானமாக ஓடினால்தான் அந்த ஈரம் தண்ணீராக இறங்கி வெளியே போகும். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் போட்டால் அறையை நாலு நிமிடத்தில் சில்லென்று ஆக்கிவிட்டு நின்றுவிடும். குளிர் இருக்கும், ஈரமும் அப்படியே இருக்கும். ஈரம் தங்கினால் காற்று வரும் தகரக் குழாய்க்குள் பூசணம் பிடிக்கும். கண்ணைத் திறந்து வைத்து வேலை செய்கிற அறை அது. பத்துக்கு மேல் ஒரு டன் கூட வேண்டாம்.

உங்களை எனக்குத் தெரியும். “சேஃப்டிக்குக் கொஞ்சம்” என்று எப்போதும் மேலே பாதியைக் கூட்டுவீர்கள். இந்த ஒரு தரம் வேண்டாம் அண்ணா.

அண்ணி புடவைக்கு ஊக்கு எப்படிக் குத்துகிறார்? யார் உதவுகிறார்கள்?

ராணி

---

சேசு மரி சூசை துணை

தென்னூர்
11-6-1984

அன்புத் தங்கை ராணிக்கு,

தாள்கள் வந்தன. பிரித்துப் போட்டால் வீட்டு வாசலிலிருந்து கொல்லை வரை போகிறது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “உங்க சிஸ்டரா?” என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்றேன்.

உன் கணக்கைப் பார்த்துத்தான் இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் வரும்.

ஊக்கு நான்தான் குத்துகிறேன். முதல் நாள் தோளில் குத்திவிட்டேன். “ஏ.சி.க்கு ஸ்க்ரூ முடுக்குறீங்களா?” என்று கேட்டாள்.

தைரியராஜ்

---

செம்பூர்
20-6-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

‘உன் கணக்கைப் பார்த்துத்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டன் என்று எழுதவில்லை. எத்தனை?

ராணி

---

சேசு மரி சூசை துணை

தென்னூர்
5-11-1984

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத நேரமில்லை. தகரக் குழாய் வேலை நாலு மாதம் ஆளைத் தின்றுவிட்டது.

ஆபரேஷன் அறை திறந்தாகிவிட்டது. டிரஸ்டு ஆட்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். வெளியே புழுங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை, டாக்டரம்மா சால்வை கேட்டார். ஒரு பெரியவர், “திருச்சியில இப்படி ஒரு குளிர நான் பாத்ததே இல்லைங்க” என்றார். எனக்கு மாலை போட்டார்கள். உன் பெயரையும் சொன்னேன், மைக்கில்.

வருகிற 19-ஆம் தேதி திங்கட்கிழமை பாக்கியத்துக்கு வலது கண். அதே வாரம் இன்னும் ஏழு பேருக்கு. “கட்டு அவுத்ததும் மொதல்ல ராணி போட்டோவத்தான் பாப்பேன். பம்பாய்க்குப் போய் இளைச்சிட்டாளா, பெருத்துட்டாளா, நீங்க சொல்றத நம்பமாட்டேன்” என்கிறாள். ஒரு போட்டோ அனுப்பு.

தைரியராஜ்

---

செம்பூர்
11-11-1984

அண்ணா,

போட்டோ இத்துடன்.

ஐந்து நிமிடத்துக்குள் சால்வை கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து டன்னுக்கு அது முடியாது. ஒரு வேலை செய்யுங்கள், காலில் விழுந்து கேட்கிறேன். உள்ளே போய் வாட்சைப் பாருங்கள். கம்ப்ரஸர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது? நிற்கிற நேரம் அதிகமென்றால், காற்று வரும் கிரில்லைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனை நிறுத்துங்கள். பதினைந்து நாள் தள்ளிப்போனால் அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார். நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எழுதக்கூட வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

ராணி

---

தென்னூர்
13-12-1984

ராணி,

பாக்கியத்தின் வலது கண் போய்விட்டது. சனிக்கிழமை எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. எட்டாம் நாள் கட்டைத் திறந்தபோது எதிரே ஜன்னல் கம்பியை எண்ணிச் சொன்னாள். உன் போட்டோவை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்து, “இளைச்சிருக்கா” என்றாள். நாலு நாள்தான். பிறகு வலி என்றாள். கண் சிவந்தது, மேலே வெள்ளையாக ஒரு படலம் ஏறியது. மருந்து ஊற்றினார்கள், ஊசி போட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். பூசணம் என்றார். உள்ளே வேர்விட்டுவிட்டதாம், எடுக்காவிட்டால் மூளைக்குப் போகும் என்றார். அந்த வாரம் ஆபரேஷன் செய்துகொண்ட எட்டுப் பேரில் மருங்காபுரியிலிருந்து வந்த பிச்சமுத்து என்கிற விவசாயிக்கும் இதேதான். அவருக்கு இருந்ததே அந்த ஒரு கண். வெளியே வராந்தாவில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை. பின்பக்கமாகப் போனேன்.

நான் போட்டது பதினைந்து டன்.

உன் தாளில் முதல் பக்கத்தைத்தான் பார்த்தேன். பத்து என்று இருந்தது. டாக்கீஸில் மயங்கி விழுந்தவர்கள் ஞாபகம் வந்தது. படுக்கப்போவது பாக்கியம், குறைந்துவிடக் கூடாது என்று பாதியைக் கூட்டினேன். அதற்காகக் கூட்டினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. உன் எண்ணை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. அதுதான் மீதி.

நவம்பரில் நீ எழுதியது 16-ஆம் தேதி கிடைத்தது. மறுநாளே போய்ப் பார்த்தேன். வெளியே மழை. நாலு நிமிஷம் ஓடியது. பதிமூன்று நிமிஷம் நின்றது. மறுபடி நாலு, மறுபடி பதிமூன்று. ஸ்டூல் மேல் ஏறிக் கிரில்லைத் தொட்டேன். முத்து முத்தாகத் தண்ணீர். என் துண்டால் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா உள்ளே வந்தார். “எல்லாம் சரிதானே மிஸ்டர் தைரியராஜ்?” என்றார்.

“சரிதாங்க” என்றேன்.

உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. என் தங்கச்சி சொன்னது சரி, நான் போட்டது தப்பு என்று இரண்டாம் தரம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அதுவும் என் வாயாலேயே. வாய் வரவில்லை ராணி. இரண்டு வார்த்தை. அதற்கு விலை ஒரு கண் இல்லை, இரண்டு பேர் கண்.

இப்போது அறையை மூடிவிட்டார்கள். குழாயைப் பிரித்தோம். குளிர் கசியாமலிருக்க உள்ளே ஒட்டியிருந்த பஞ்சில் கறுப்பாகப் பூத்திருந்தது. “இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி. பதினைந்து டன்னையும் துண்டையும் அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். பாக்கியத்திடம் சொல்லவில்லை. “சாமி சித்தம்” என்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். அவளுக்கு அதுவும் தெரியாது.

தைரியராஜ்

---

செம்பூர்
20-12-1984

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பிறகு பழைய அட்டைக் கட்டைத் தேடி எடுத்தேன். நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். என் முறை.

கம்ப்யூட்டர் சொன்னது ஏழு. பத்து என்று சொன்னது நான்.

உள்ளே ஐந்து பேர் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஐந்து என்றுதான் துளை போட்டேன், ஏழு டன் வந்தது. நம்பிக்கை வரவில்லை. மடியில் உட்கார்ந்த பிள்ளைகள், பலகை போட்டு உட்கார்ந்த ஜனம் என்று நீங்கள் எழுதியதே மண்டைக்குள் ஓடியது. மறுபடியும் என் கணக்கால் யாராவது மயங்கி விழுந்தால் என்று பயம். அட்டையை எடுத்துப் போட்டுவிட்டுப் பதினெட்டுப் பேர் என்று புதிதாகத் துளை போட்டேன். அறை உள்ளே இழுக்கிற வெளிக்காற்றின் அளவையும் கூட்டினேன். பத்து வந்தது. கம்ப்யூட்டர் தாளில் அச்சாகி வந்ததை யார் கேட்கப் போகிறார்கள்? கண் ஆபரேஷன் அறையில் பதினெட்டுப் பேர் எங்கே நிற்பார்கள் என்று நீங்கள் ஒரு தரம் பார்த்திருந்தால் பிடித்திருப்பீர்கள். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

‘சேஃப்டிக்குக் கூட்டாதீர்கள்’ என்று உங்களுக்கு உபதேசம் எழுதினேனே, அந்தத் தாளிலேயே நான் கூட்டி வைத்திருந்தேன். நான் ஏழு என்று எழுதியிருந்தால், பாதியைக் கூட்டி நீங்கள் பத்து, பத்தரை போட்டிருப்பீர்கள். அந்த அளவுக்கு அறை எப்படியாவது தாக்குப் பிடித்திருக்கும். என் பயத்தின் மேல் உங்கள் ரோஷம் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘ஏழுதான் வந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்’ என்று ஒரு வரி உங்களுக்கு எழுதியிருந்தால் போதும். டாக்கீஸ் விஷயத்தில் சிரித்தேன் என்று எழுதியவரிடம் பயம் என்று எழுத எனக்கும் மனம் வரவில்லை.

நவம்பரில் ஏன் தந்தி அடிக்கவில்லை? ஏன் டாக்டருக்கு நேரே எழுதவில்லை? இதைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உங்களை மறுபடியும் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று வருடத்துக்கு முன் வர வேண்டிய புத்தி, வரக்கூடாத நேரத்தில் வந்தது.

டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பெரிய இயந்திரத்தை எடுத்துவிட்டுச் சிறிய இயந்திரம் இரண்டு போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஏழு. மழைக்காலத்தில் ஒன்று மட்டும் ஓடட்டும். குழாயில் உள்பக்கம் பஞ்சு வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்ட வேண்டும். உங்களுடையதையும் சேர்த்து. ஒரு வரியையும் முழுங்காதீர்கள். சாமி மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் சும்மா இருக்க முடியாது. நீங்கள் படிக்காவிட்டால் நல்லதம்பிக்கு எழுதிப் படிக்கச் சொல்வேன். அந்த அவமானத்தை உங்களுக்குத் தர வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ராணி

---

சேசு மரி சூசை துணை

தென்னூர்
6-1-1985

ராணி,

கிறிஸ்துமஸ் போகட்டும் என்று இருந்தேன். பிறகு புதுவருஷம் போகட்டும் என்று இருந்தேன். இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் படித்தேன்.

காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் உனக்கு எழுதியதன் நகல் என்னிடம் இல்லை, அதனால் அதை வாயால் சொன்னேன். துண்டு வரை சொன்னேன். உன்னுடையதை வரி வரியாகப் படித்தேன். ஏழு டன் என்ற இடத்தில் நிறுத்தி, “திரும்பப் படிங்க” என்றாள். படித்தேன். பதினெட்டுப் பேர் என்ற இடத்திலும் நிறுத்தினாள்.

முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். உன்னை வளர்த்தவள், உன்மேல் கோபம் வந்தால் என்னால் எப்படி எழுத முடியும் என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் டம்ளரைத் தடவிக் கீழே வைத்துவிட்டு, கணக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசியிருந்தா என் கண்ணு இருந்திருக்கும், இல்லீங்களா?”

நான் ஆமாம் என்றேன். மிஷினும் பூசணமும் எட்டாயிரத்து எழுநூறு மணி நேரமும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு அதெல்லாம் ஒன்றும் உதவவில்லை.

பிச்சமுத்துவை மருங்காபுரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத என்னால் முடியாது. நீயும் ஒரு நாள் போக வேண்டும்.

பாக்கியத்தின் இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. தைப் பொங்கல் தாண்டினால் கைவிரலும் தெரியாது என்கிறார் டாக்டரம்மா. மதுரைக்கு அழைத்துப் போகிறேன், மதராசுக்கு அழைத்துப் போகிறேன் என்று கெஞ்சினேன். உன் சொற்படி இரண்டு சின்ன இயந்திரம் மாட்டுகிறோம், குழாய் புதிது, இந்தத் தடவை மணிக்கு மணி ஈரத்தை நானே எழுதி டாக்டரம்மாவிடம் தருகிறேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்.

“மதுரையும் வேணாம், மதராசும் வேணாம். அந்த ரூமுக்கே வரேன். ஆனா நான் படுக்கறதுக்கு முன்னாடி நீங்களும் ராணியும் என் பக்கத்துல ஒண்ணா நின்னு, இது சரி, இதுல நாங்க எதையும் மறைக்கலன்னு வாயால சொல்லணும். கடுதாசில சொன்னா ஒத்துக்கமாட்டேன். அவ வர்ற வரைக்கும் எனக்கு இந்தக் கண்ணும் வேணாம்.”

நான் இங்கே வா என்று உன்னைக் கூப்பிடத் தகுதியில்லாதவன். வாசப்படியை மிதிக்காதே என்று சொன்ன வாய் இது. ஆனாலும் சொல்கிறேன். அவள் நம் இரண்டு பேரையும் நம்பி மிச்சமிருக்கிற ஒரு கண்ணைத் தருகிறேன் என்கிறாள். எனக்கு அதை வாங்கப் பயமாக இருக்கிறது ராணி. தனியாக வாங்க முடியாது. டிக்கெட் கிடைத்த உடனே புறப்பட்டு வா.

உன் அண்ணன்,
தைரியராஜ்